கொரோனாவா இல்லையா என்று 108-இல் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கமுள்ள ஒருவர் கேட்ட கேள்வி இது. 2020-இல் அவருடைய அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர் வாசல்படியிலேயே நின்று ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். “கையில் லேப் இல்லை, எக்ஸ்ரே இல்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் கொரோனா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாளைக்கு வேறொரு தொற்று வந்தாலும் இதே கதைதானா?” என்கிறார்.

நேராகச் சொன்னால், அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. தொற்றை உறுதி செய்வது ஸ்வாப் எடுத்து ஆர்டி-பிசிஆர் பார்க்கிற ஆய்வகத்தின் வேலை. அதுவே சில சமயம் தப்பும். ஆம்புலன்ஸில் வருகிறவர் தனக்குள் கேட்டுக்கொள்வது வேறு: ‘இவருக்குத் தொற்று இல்லை என்று துணிந்து சொல்ல என்னிடம் ஏதாவது காரணம் இருக்கிறதா?’ காரணம் கிடைக்கவில்லை என்றால், இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். அவர்களுக்குப் பிடிபடச் சிரமமாக இருப்பது இந்த இடம்தான். டாக்டர் மாதிரி ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

வேலை போனிலேயே தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் வந்தது. நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டாலும் பேச்சிப்பாறையிலிருந்து கூப்பிட்டாலும் சென்னையிலுள்ள கால் சென்டரில்தான் எடுப்பார்கள். இடம், அடையாளம், என்ன பிரச்சினை என்று கேட்பது வழக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், பயணம், தொற்று உள்ளவரோடு பழக்கம் இவையெல்லாம் சேர்ந்துகொள்ளும். வெளிநாடுகளில் பல அழைப்பு மையங்கள் எண் போட்ட கேள்வி அட்டைகளை வைத்திருக்கின்றன. அதில் 36-ஆம் அட்டை பெருந்தொற்றுக்கென்றே இருப்பது. அந்த வட்டாரத்தின் மருத்துவ அதிகாரி சொன்னால் ஒழிய அதை எடுக்க மாட்டார்கள்.

போனில் வந்த தகவலை அப்படியே நம்பிப் போகக் கூடாது. கூப்பிடுகிறவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. துபாயில் இருக்கும் மகன் போன் பண்ணிச் சொல்லி, ஓடிவந்து பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையனாக இருப்பார். அவருக்குத் தெரிந்தது ‘மாமாவுக்கு மூச்சு முட்டுது, சீக்கிரம் வாங்க’ என்பது மட்டும்தான். தெரிந்தவர்களும் மறைத்தார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தெருவை அடைப்பார்கள், அக்கம்பக்கம் பேச மாட்டார்கள் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஊர் அப்படித்தான் நடந்துகொண்டது.

தெரியாமல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கிர்க்லாந்து நகரம் சாட்சி. 2020 பிப்ரவரியில் அங்கே ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அடுத்தடுத்து அவசர அழைப்புகள் வந்தன. வயதானவர்கள், மூச்சுக் கோளாறு என்று எப்போதும் வருகிற அழைப்புகள்தான். மாதக் கடைசியில் அங்கே கொரோனா என்று தெரிந்தபோது, போய்வந்த தீயணைப்புத் துறை ஊழியர்களில் பலரைத் தனிமைப்படுத்த வேண்டியதாகிவிட்டது. சின்ன நகரத்துக்கு அது பெரிய அடி. பிற்பாடு அந்த மாவட்டத்தின் ஆம்புலன்ஸ் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தொற்று உறுதியானவர்களில் பலருக்கு, ஆட்கள் போய்ப் பார்த்த நேரத்தில் காய்ச்சலும் இல்லை, ஆக்சிஜன் குறைவும் இல்லை.

வாசல்படியில் நிற்பது இதனால்தான். ஆறடி தள்ளி நின்று முதல் பார்வை. உள்ளே போகிறவர் ஒருவர் மட்டும். பைலட், அதாவது ஓட்டுநர், தேவைப்பட்டால்தான் வருவார். முகக்கவசத்தை முதலில் நோயாளிக்கு மாட்டிவிட வேண்டும், மூச்சு அதற்கு இடம் கொடுத்தால். ஆறடியில் நின்றே நிறையப் பார்க்கலாம். முழு வாக்கியமாகப் பேசுகிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறாரா? முட்டில் கையூன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? மூச்சு இழுக்கும்போது கழுத்துத் தசை புடைத்து, தோள்பட்டைக் குழி உள்வாங்குகிறதா? உதடு நீலம் பூத்திருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் வாசலில் நின்று கதை பேச நேரமில்லை. கவசத்தைச் சரிபார்த்துக்கொண்டு உடனே உள்ளே போக வேண்டியதுதான்.

இனி கேள்விகள். “காய்ச்சல் இருக்கா?” என்று கேட்டால் “இல்ல” என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. காலையில் பாராசிட்டமால் 650 ஒன்று போட்டிருப்பார், உடம்பு ஆறியிருக்கும். அதனால் “கடைசியா எப்போ மாத்திரை போட்டீங்க, என்ன மாத்திரை?” என்று கேட்கச் சொல்வேன். கட்டில் பக்கத்து ஸ்டூலில் பாதி காலியான அட்டை கிடக்கும். எத்தனை மாத்திரை போயிருக்கிறது என்று பார்த்தால் எத்தனை நாள் காய்ச்சல் என்று ஓரளவு புரியும். “தொற்று உள்ளவங்களோட பழகினீங்களா?” என்ற அரசாங்கக் கேள்விக்கு யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். “வீட்டுல வேற யாருக்கு உடம்பு சரியில்ல? போன வாரம் கல்யாணம், துஷ்டி (சாவு வீடு) ஏதாச்சும் போனீங்களா? சந்தைக்கு யாரு போவாங்க?” என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். பதிலை நோயாளியிடம் மட்டும் எதிர்பார்க்காமல், அடுக்களை வாசலில் நிற்கும் அம்மாவிடம் கேட்டால் இன்னும் நல்லது. கொரோனாவின் முதல் அலையில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று இருந்தது: “மீன் வாசம் தெரியுதா?” புளிமுளம் என்கிற மீன்குழம்பு கொதிக்கிற வீட்டில் நின்றுகொண்டு ‘ஒண்ணும் தெரியல’ என்று ஒருவர் சொன்னால், அது தெர்மாமீட்டரைவிடப் பெரிய தகவல். வாசனையும் ருசியும் போவதை மத்திய அரசு 2020 ஜூனில்தான் அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. ஓமைக்ரான் வந்தபோது அந்த அறிகுறி வெகுவாகக் குறைந்துபோனது. அதோடு அந்தக் கேள்வியின் மவுசும் போயிற்று.

தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டுவார்களே, அதை நான் பெரிதாக மதிப்பதில்லை. அது தோலின் வெப்பத்தை அளக்கிறது. வேர்த்திருந்தால் குறைத்துக் காட்டும், வெயிலில் நின்றவருக்குக் கூட்டிக் காட்டும். நம் மாவட்டத்துப் புழுக்கத்தில் வேர்க்காதவர் யார்? 2003-இல் சார்ஸ் வந்தபோது காய்ச்சல் பார்ப்பது பலன் கொடுத்தது. அந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் இருந்தது, அறிகுறி வந்த பிறகுதான் அவர்கள் மற்றவர்களுக்கு அதிகமாகப் பரப்பினார்கள். கொரோனாவோ அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடும். சீனாவில் 1,099 நோயாளிகளை வைத்து 2020 தொடக்கத்தில் வந்த ஆய்வில், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தில் காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம்தான். உள்ளே படுத்திருந்த நாட்களில் அது 88.7 ஆனது. வாசலில் நிற்கிற ஆம்புலன்ஸ்காரர் பார்ப்பது அந்த முதல் எண்ணை.

எனக்கு ஒரே ஒரு அளவை மட்டும் எடுக்க அனுமதி என்றால் மூச்சை எண்ணுவேன். இதற்குக் கருவி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். ஆனால் ஒழுங்காக எண்ணுகிறவர்கள் குறைவு. “மூச்சு எண்ணப் போறேன்” என்று சொன்னாலே நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் வயிற்றிலோ நெஞ்சிலோ வைக்க வேண்டும். சட்டை தொளதொளவென்று இருந்தால் பிடித்த கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டால் ஏறி இறங்குவது தெரியும். முழுசாக ஒரு நிமிஷம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிசகு நாலு மூச்சுப் பிசகாகிவிடும். நிமிஷத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால் நடுத்தரப் பாதிப்பு, 30-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் கொரோனா வழிகாட்டி. படிவங்களில் எல்லாருக்கும் ‘18’, ‘20’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் யாரும் எண்ணவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் அடுத்தது. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் சதவீதம், 90 முதல் 93 வரை என்றால் நடுத்தரம், 90-க்குக் கீழே தீவிரம். ஆக்சிஜன் கொடுப்பதற்கு முன்னாலுள்ள அளவைக் குறிக்க வேண்டும், பதற்றத்தில் மறந்துபோவது இதுதான். கொரோனாவின் விசேஷம், சாச்சுரேஷன் 82-இல் இருக்கிறவர் தெளிவாகப் பேசிக்கொண்டு, ‘எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைங்கதான் பயந்துட்டாங்க’ என்று சொல்வது. நுரையீரல் விறைக்காமல், கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருந்தால் மூளைக்கு மூச்சு முட்டும் உணர்வு சரியாகத் தட்டுவதில்லை. அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பிவிட்டால் ராத்திரி மறுபடியும் அதே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். கருவியும் ஏமாற்றும். மருதாணி, நெயில் பாலிஷ், குளிர்ந்த விரல் எல்லாம் அளவைக் கெடுக்கும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிற பழக்கமும் அதற்கு உண்டு. கருவி காட்டும் நாடித் துடிப்பும் கையால் பார்த்த துடிப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆக்சிஜன் எண்ணை நம்ப வேண்டும்.

நம் ஊர் நிலம் இதில் ஒரு உதவி செய்கிறது. விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவில் இருக்கும் பல வீடுகளுக்கு வண்டி போகாது. கொஞ்சம் தெம்பாக இருப்பவர் நடந்துதான் ரோட்டுக்கு வருவார். கிளம்பும் முன் ஒரு தடவை, வண்டியில் ஏறியதும் ஒரு தடவை சாச்சுரேஷன் பாருங்கள் என்று சொல்வேன். உட்கார்ந்திருந்தபோது 96, வண்டிக்கு வந்ததும் 91 என்றால் அது சாதாரணச் சளி இல்லை. மூன்று புள்ளி குறைந்தாலே கவனிக்க வேண்டியதுதான். ஏற்கெனவே 94-க்குக் கீழே இருப்பவரை இப்படி நடக்கவிடக் கூடாது. நாற்காலியில் வைத்துத் தூக்கி வர வேண்டும்.

பயணக் கேள்வியின் கதை தனி. 2020 தொடக்கத்தில் எல்லாரும் கேட்டது “வெளிநாடு போனீங்களா?” கடற்கரையில் அதற்கு அர்த்தம் இருந்தது. தூத்தூர், வள்ளவிளை, முட்டம் ஆட்கள் வளைகுடா வரை தொழிலுக்குப் போகிறவர்கள். ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மாவட்ட மீனவர்கள் உட்பட 687 பேரை ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் 2020 ஜூலை 1-இல் தூத்துக்குடியில் இறக்கியது. ஆனால் அதே மாதம் 17-ஆம் தேதி, எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தின் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று கேரள முதல்வரே அறிவித்துவிட்டார். களியக்காவிளையைத் தாண்டி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மீன் வியாபாரத்துக்கும் போய்வருகிற ஊர் இது. அதன் பிறகும் பாஸ்போர்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்? நோய் ஊருக்குள் வந்த நாள் முதல் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். படிவம் மாறுவதற்குள் ஒரு அலையே போய்விடும்.

மூச்சுத் திணறல் எல்லாம் கொரோனா இல்லை, இதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். அந்த இரண்டு வருஷமும் மற்ற நோய்கள் லீவு போடவில்லை. படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, காலில் வீக்கம் என்றால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சு வேகமாக ஓடுகிறது, சாச்சுரேஷன் 99, வாய் உலர்ந்திருக்கிறது என்றால் சுகர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு மெலிவு என்றால் காசநோய். அதுவும் காற்றில் பரவுவதுதான், அதனால் கவசம் வீண்போகாது. மழைக்காலத்தில் வயலிலோ குளத்திலோ இறங்கியவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சல். அது நுரையீரலையும் தாக்கும். வாயில் நுரையும் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியும் இருந்தால் பூச்சிமருந்து. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்கல், பேச்சுக் குழறல் என்றால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம், கடித்த தடம் தெரியாமலும் போகும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் உள்ள ஊரில் இதை மறக்கவே கூடாது. வேறு நோய் ஒன்று தெரிந்துவிட்டது என்பதற்காகத் தொற்று இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. மாரடைப்பு வந்தவருக்குக் கொரோனாவும் இருக்கலாம். வயதானவர்களுக்கு இருமலே இல்லாமல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பதும் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவதும் கீழே விழுவதும் மட்டும் அறிகுறியாக இருந்ததுண்டு.

இவற்றையெல்லாம் பிரிக்க நான் நம்பும் கேள்வி, ‘எந்த நாளிலிருந்து?’ என்பதுதான். திடீரென்று நடுராத்திரி எழுந்த திணறல் வேறு, நாலு நாள் உடம்புவலி, இருமல் என்று இருந்து ஒரு வாரம் ஆகும்போது மூச்சு வாங்கத் தொடங்குவது வேறு. முதல் இரண்டு அலைகளில் கொரோனா அந்த இரண்டாவது பாதையில்தான் பெரும்பாலும் வந்தது.

ஒரே அறிகுறிக்கு எல்லாக் காலத்திலும் ஒரே எடை கிடையாது. 2020 மார்ச் தொடக்கத்தில் நாகர்கோவிலில் காய்ச்சலும் இருமலும் உள்ளவருக்குக் கொரோனா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் புதிய தொற்று 36,000-ஐத் தாண்டிய நாட்களில், அதே காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வேறு பெயர் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அப்போது ஆம்புலன்ஸ்காரருக்கு முன்னால் இருந்தது ‘யாருக்கு உடனே ஆக்சிஜன் படுக்கை வேண்டும், யார் வீட்டிலேயே இருக்கலாம்?’ என்ற கேள்வி.

சந்தேகம் வந்துவிட்டால் வண்டிக்குள் சில விஷயங்கள் மாறும். ஓட்டுநர் அறைக்கும் பின்பகுதிக்கும் இடையிலுள்ள ஜன்னலை மூட வேண்டும். உள்காற்றையே சுழற்றுகிற ஏசி கூடாது. வெளிக்காற்று உள்ளே வந்து பின்பக்கமாக வெளியேற வழி செய்ய வேண்டும். மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர், சளி உறிஞ்சுதல், பையை அழுத்திச் செயற்கை மூச்சுக் கொடுத்தல் இவையெல்லாம் நுண்துளிகளைக் காற்றில் கிளப்பும். அவசியமென்றால் மட்டும், என்95-ஓடும் கண் கவசத்தோடும் செய்ய வேண்டும். இளைப்புக்காரருக்கு நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசர் என்கிற குழாய் வைத்த இன்ஹேலர் போதும். நோயாளியை இறக்கிய பிறகு ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்தாக வேண்டும். முழு பிபிஇ கிட்டை எல்லாருக்கும் மாட்டிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டவர் கொஞ்ச நேரத்தில் தானே நோயாளியாகிவிடுவார், கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி போட இடம் தெரியாது. என்95-ஐ மட்டும் எல்லா வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகலாம்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிக்கோ போகும் முன்பே போன் செய்து சொல்லிவிட வேண்டும். பொது அவசரப் பிரிவின் நெரிசலுக்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போன பிறகு ‘சந்தேகம்’ என்று சொல்வதில் பயனில்லை. ஒப்படைக்கும்போது, எத்தனையாவது நாள், ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு, வைத்த பிறகு எவ்வளவு, கடைசி மாத்திரை எப்போது, வீட்டில் வேறு யாருக்கு என்பதைச் சொன்னால் போதும். கடைசியில் ஸ்வாப் என்ன சொன்னது என்பது ஆம்புலன்ஸ் ஆட்களுக்குப் பெரும்பாலும் திரும்பி வருவதே இல்லை. தன் சந்தேகம் சரியா தவறா என்று தெரியாமலே ஒருவர் வருஷக்கணக்கில் வேலை பார்த்தால் அவர் எதை வைத்துக் கற்றுக்கொள்வார்?

அடுத்த தொற்றிலும் இதேதானா என்று கேட்டார் அல்லவா? நடைமுறை இதேதான், கேள்விகள் மாறும். 2009-இல் வந்த எச்1என்1, அதாவது பன்றிக் காய்ச்சல், திடீர்க் காய்ச்சலோடு வந்தது, இளவயதினரையும் கர்ப்பிணிகளையும் அதிகம் வாட்டியது. கேரளத்தில் 2018-இல் தலைகாட்டிய நிபா பெருந்தொற்றாக மாறவில்லை. அதில் காய்ச்சலோடு மூளை பாதிப்பும் வரும், உளறலும் மயக்கமும் மூச்சுத் திணறலும் சேர்ந்தே இருக்கலாம். புதிதாக ஒன்று வந்தால் முதல் சில வாரங்களில் யாரிடமும் சரியான பட்டியல் இருக்காது. அந்த வாரங்களில் ஆறடி தூரம், முகக்கவசம், எண்ணிய மூச்சு, எந்த நாளிலிருந்து என்ற கேள்வி இவைதான் கையிருப்பு.

இனி நீங்கள் 108-ஐக் கூப்பிட நேர்ந்தால், காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதிய சீட்டு, போட்ட மாத்திரை அட்டைகள், வழக்கமாகச் சாப்பிடும் சுகர், பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசலுக்கு எடுத்து வந்துவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கூட ஒருவர்தான் ஏற முடியும், சில சமயம் அதுவும் முடியாது. அந்த ஒருவர் இருமல் இல்லாதவராக, முகக்கவசம் போட்டவராக இருக்கட்டும்.